ராட்னி தேடிய வார்த்தை

ராட்னி பிளான்சர்டுக்குப் பக்கவாதம் வந்தது ஒலிபரப்பின் நடுவில். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பாதி வீடுகள் அவர் குரலைக் கேட்டுக்கொண்டே காலைத் தேநீர் குடிக்கும் நேரம் அது. ஸ்லீஃபோர்டு சாலையில் உருளைக்கிழங்கு லாரி கவிழ்ந்து கிடக்கிறது, வேறு வழியாகப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், "ஸ்லீஃபோர்டு சாலையில ஒரு புதன்கிழமை கவிழ்ந்து கிடக்கு" என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். ராட்னி இப்படி எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பவர்தான்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஹேசல் ரட்கின் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வாயின் வலது ஓரம் தொங்கிப்போனதை அவள் பார்த்துவிட்டாள். ஒரு பாட்டைத் தட்டிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

ஹேசல்தான் அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் பேச, இவள் அவர் காதில் பேசிக்கொண்டிருந்தாள். பேட்டிக்கு வந்தவரின் பெயர் மறந்து ராட்னி ஒரு நொடி நின்றால், ஹெட்போனில் அந்தப் பெயரைப் போட்டுவிடுவாள். அவர் ஒன்றும் நடக்காததுபோல் தொடர்வார். இவருக்கு வாய், அவளுக்கு ஞாபகம், இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆள் என்று நிலையத்தில் கேலி செய்வார்கள்.

அன்றைக்கு ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. ராட்னி உயிர் பிழைத்தார். நேயர்கள் நிலையத்தின் வரவேற்பறையை நிரப்பினார்கள்; பூங்கொத்து, ஜாம் பாட்டில், யாரோ ஒருவர் பெயர்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டுப் போன ஒரு மூட்டை முட்டைக்கோஸ். அதை அலுவலகமே பங்கு போட்டுத் தின்று தீர்த்தது.

வசந்தம் போய், அறுவடையும் முடிந்த பிறகு, ராட்னி கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். மனைவி பாலின் கூட வந்திருந்தார். நிலைய மேலாளர் டெவினாவின் அறையில் ஹேசலையும் சேர்த்து நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். டெவினா சின்ன வயசு; ராட்னி குரலைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போன பெண்.

"எப்படி இருக்கீங்க ராட்னி?"

"நல்லா..." அவர் நிறுத்தினார். கண் மேலே போனது, திரும்பி வந்தது. "...இருக்கேன்."

அவருக்கு எல்லாம் புரிந்தது. நினைப்பிலும் பிசகில்லை. வார்த்தைகள்தான் அழைத்த நேரத்துக்கு வரவில்லை. சில சமயம் வேறு வார்த்தை வந்து நின்றது. தேநீர் கேட்கப்போய் ஏணி கேட்பார். எழுதியதை வாசித்தாலும் அதே கதை. எழுத்து கண்ணுக்குத் தெரியும், வாய்க்கு இறங்காது.

"வேலை," என்றார் ராட்னி. "வானிலை... வானிலை மட்டும்."

டெவினா பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "ராட்னி, எனக்கு ஆசைதான். ஆனா நேரலையில நீங்க திணறினா கேக்கறவங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். உங்களுக்கும்தான்."

"வீட்டுல சும்மா உக்காந்திருந்தா எனக்குத்தான் கஷ்டம்," என்றார் பாலின். "குளியல் தொட்டியில படுத்துக்கிட்டு வானிலை படிக்கிறார்மா. போன வாரம் எங்க குளியலறைக்குப் புயல் எச்சரிக்கை."

ராட்னி இடது பக்கத்து வாயால் சிரித்தார். டெவினாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நாள். பத்து மணிச் செய்திக்கு அப்புறம். எப்படிப் போகிறதென்று பார்ப்போம்.

வெளியே வரும்போது ராட்னி ஹேசலின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"சொல்லாதே."

"என்னத்தைய்யா சொல்லாதே?"

"வார்த்தை. வரலைன்னா... விடு. நானே."

"எவ்வளவு நேரம் விடறது? இது ரேடியோய்யா, பேசாம உக்காந்திருக்க ஞாயிற்றுக்கிழமை தேவாலயமா?"

"ஹேசல்." அவள் பெயர் மட்டும் அவருக்கு ஒரு தடவைகூடத் தப்பவில்லை. "விடு."

அவள் சரி என்றாள். வீட்டுக்குப் போன பிறகுதான் எதற்கு ஒத்துக்கொண்டோம் என்று புரிந்தது.

வானொலியில் மௌனத்துக்கு இடமில்லை. சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆனால் ஏதோ பழுதென்று நினைத்து ஒரு இயந்திரம் தானாகவே இசையைப் போட்டுவிடும். ஒருமுறை பேட்டிக்கு வந்த ஒரு பாதிரியாரிடம் ராட்னி, "கடவுள்மேல உங்களுக்கு எப்பவாவது சந்தேகம் வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டார். நல்ல மனுஷர், யோசித்துப் பதில் சொல்லலாம் என்று இருந்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் பித்தளை வாத்தியக் குழுவொன்று அலறிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. அதை வைத்து நிலையத்தில் ஒரு வருஷம் சிரித்தார்கள். ராட்னிக்கு அதே கதி நேர்ந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று ஹேசலுக்குத் தெரியும்.

அந்த நாள் வந்தது. நவம்பர் மாதம், ஜன்னலுக்கு வெளியே தேவாலயக் கோபுரம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. ராட்னியின் இடத்தில் இப்போது காலை நிகழ்ச்சியை நடத்தும் பிரயோனி, "உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒருத்தர் வந்திருக்கார், வானிலை அவர்தான் சொல்லப் போறார்" என்று மட்டும் சொல்லி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"காலை வணக்கம்," என்றார் ராட்னி. அதே குரல். கொஞ்சம் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். "ரொம்ப நாள்... ஆச்சு. கடற்கரைப் பக்கம்... காத்து கம்மி. மதியத்துக்கு மேல... வெயில் வரலாம். வராமலும்... போகலாம். இப்ப நம்ம பாஸ்டன்லேர்ந்து ஸ்பால்டிங் வரைக்கும்..."

நின்றார்.

தாளில் பெரிய எழுத்தில் அந்த வார்த்தை இருந்தது. அவர் விரல் அதன் கீழேயே இருந்தது. உதடு சேர்ந்தது, பிரிந்தது.

ஹேசலின் விரல் அவர் காதுக்குப் பேசும் பொத்தான்மேல் போய் உட்கார்ந்தது. இருபது வருஷப் பழக்கம். அவளைக் கேட்காமலே போனது.

டெவினா அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "சொல்லு ஹேசல். வார்த்தையைச் சொல்லிக் குடு."

"வேண்டாம்னிருக்கார்."

"இசை வந்துடும்!"

ஹேசல் கையை எடுத்தாள். எடுத்த கையால் ராட்னியின் ஒலிவாங்கிக்கு உரிய ஒலியளவு விசையைப் பிடித்து மேலே தள்ளினாள். இன்னும் மேலே, எந்த நாளும் தள்ளாத அளவுக்கு. மௌனம் சத்தமாயிற்று. ராட்னியின் மூச்சு கேட்டது. தாள் சரசரத்தது. நாற்காலி ஒருமுறை முனகியது. கைத்தடி மேசைக் காலில் இடித்தது. இயந்திரத்துக்கு அது போதும். யாரோ உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்தது. ஒரு மனிதன் வார்த்தை தேடும் சத்தம் லிங்கன்ஷயர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

"அது..." என்றார் ராட்னி. "வெள்ளையா. வயல் மேல... படுத்துக்குமே. மாடு... காணாமப் போயிடும்."

மறுபடியும் மூச்சு. பிரயோனி கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஹேசல் தன்னையறியாமல் அந்த வார்த்தையை உதட்டால் உருட்டிக்கொண்டிருந்தாள்; கண்ணாடி வழியாகப் பார்த்துவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூடுபனி," என்றார் ராட்னி.

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "மூடுபனி. பாஸ்டன்லேர்ந்து ஸ்பால்டிங் வரைக்கும் மூடுபனி. மெதுவா ஓட்டுங்க. நான் பேசற... வேகத்துக்கு ஓட்டுங்க."

பாட்டு தொடங்கியது. டெவினா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் தொலைபேசி விளக்குகள் எல்லாம் மின்னத் தொடங்கியிருந்தன. ஹேசல் ஒவ்வொன்றாக எடுத்தாள். டிராக்டரை வயல் நடுவில் நிறுத்திவிட்டு 'மூடுபனிய்யா, மூடுபனி' என்று கத்தினேன் என்றார் ஒருவர். லூத் ஊர் முடிதிருத்தகத்திலிருந்து ஒரு பெண்: தலையில் சாயம் பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஒரே குரலில் அந்த வார்த்தையைச் சொன்னார்களாம், ராட்னி சொன்னதும் கை தட்டினார்களாம். யாரும் கஷ்டமாக இருந்தது என்று சொல்லவில்லை. இருந்திருக்கும்; ஆனாலும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு அழைப்பு. எதிர்முனையில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

"ஹலோ? சொல்லுங்கம்மா."

"கண்ணு, நான் மவ்ரீன் டவுஸ் பேசறேன். ஹோல்பீச் பக்கம். இரு, மூச்சு வாங்கிக்கறேன்."

"மெதுவா சொல்லுங்க, அவசரமே இல்ல."

"என் வீட்டுக்காரர் கென். சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் கிழங்கு ஏத்திட்டுப் போற லாரி ஓட்டினவர். அவருக்கும் இதேதான் வந்துச்சு, போன வருஷம். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலை, கண்ணு. ஒண்ணுகூட. பேச்சுப் பயிற்சி குடுக்கற பொண்ணு வந்தா, நல்ல பொண்ணு, படமெல்லாம் காட்டினா. இவர் நாற்காலியைச் சுவத்துப் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டார். அவ்வளவு ரோஷம்."

"இப்ப என்னம்மா ஆச்சு?"

"உங்க ராட்னி நின்னாரே, அப்ப இவர் ரேடியோவையே பாத்துக்கிட்டிருந்தார். முகமெல்லாம் செவந்துபோச்சு. இவருக்கு மறுபடியும் வந்துடுச்சோன்னு எனக்குப் பயம். பாத்தா, மேசையில ஓங்கிக் குத்தி 'மூடுபனி'ங்கறார்! ராட்னிக்கு முன்னாடியே சொல்லிட்டார் கண்ணு. முன்னாடியே!"

ஹேசல் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இப்ப என்ன பண்றார்?"

"உக்காந்து சிரிக்கிறார். ஜெயிச்சுட்டாராம்."

ஹேசல் திரும்பிப் பார்த்தாள். ராட்னி கோட்டை மாட்டிக்கொண்டு, வலது கை அதற்குள் நுழையாமல், அழைத்துப்போக வந்திருந்த பாலினோடு சேர்ந்து மல்லாடிக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் பாதி மாட்டிய கோட்டோடு அப்படியே நின்று கேட்டார். பிறகு இடது கையை நீட்டினார்.

"குடு."

அந்தப் பக்கம் மவ்ரீன் தொலைபேசியைக் கென்னின் காதில் வைத்திருக்க வேண்டும். ராட்னி, "கென்," என்றார். பதில் இல்லை. ராட்னி காத்திருந்தார். ஹேசல் பக்கத்தில் நின்று பார்த்தாள். இரண்டு ஆண்கள், ஒரு மாவட்டத்தின் இரண்டு மூலையில், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு. ராட்னியின் முகத்தில் துளி அவசரம் இல்லை. கடைசியில், "சரி. வரேன்," என்று சொல்லித் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கேய்யா வரே?" என்றாள் ஹேசல்.

"அங்கே. நீயும். இதை..." மேசையிலிருந்த ஒலிவாங்கியைக் கைத்தடியால் தட்டினார். "எடுத்துக்கோ."

டெவினாவை மடக்க ஒரு வாரம் பிடித்தது. பேசாத இரண்டு பேரை நேரலையில் பேசவிடுவதென்றால் எந்த மேலாளருக்குத்தான் தூக்கம் வரும்? ஆனால் மூடுபனி நாளைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளும்தான்.

அடுத்த வியாழக்கிழமை ஹேசல் ராட்னியை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு தெற்கே ஓட்டினாள். தட்டையான நிலம், நேரான வாய்க்கால்கள், வானம்தான் முக்கால்வாசி. மவ்ரீன் வாசலிலேயே நின்றிருந்தார். தலை புதிதாகச் சுருட்டப்பட்டிருந்தது.

"ரேடியோல தலை தெரியாதேம்மா," என்றாள் ஹேசல்.

"எனக்குத் தெரியுமே கண்ணு."

கென் பெரிய ஆள். சமையலறை மேசைக்குப் பின்னால் லாரிக்குள் உட்கார்ந்திருப்பதுபோலவே உட்கார்ந்திருந்தார். ராட்னி எதிரே உட்கார்ந்தார். இருவரும் இடது கையால் கை குலுக்கினார்கள். மவ்ரீன் உலர்திராட்சை ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவி நடுவில் வைத்தார். ஹேசல் ஒலிவாங்கியை ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். நிலையத்திலிருந்து பிரயோனியின் குரல் அவள் காதில் வந்தது: இதோ, உங்களிடம்.

"கென்," என்றார் ராட்னி. "எப்படி... இருக்கே?"

கென் யோசித்தார். அடுப்பில் கெண்டி கொதிக்கும் சத்தம் கேட்டது. தாடை அசைந்தது. பிறகு, தங்குதடையே இல்லாமல், மணியடித்ததுபோல், அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையும் அதன் அண்ணன் தம்பிகள் இரண்டும் அவர் வாயிலிருந்து வந்தன.

மவ்ரீன், "கென்னத்!" என்று கத்தினார். ஹேசலின் காதில் டெவினாவின் முனகல் கேட்டது. நேயர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது தயாரிப்பாளரின் வேலை. அவள் ஒலிவாங்கிப் பக்கம் குனிவதற்குள் ராட்னி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவரிடம் அப்படியே இருந்தது. அதில் ஒரு எழுத்தும் தொலையவில்லை.

"எனக்கும்," என்றார் மூச்சு வந்ததும். "எனக்கும்... அப்படித்தான் இருக்கு."

"மன்னிச்சுக்குங்க நேயர்களே," என்றாள் ஹேசல். "ஆனா அவர் பொய் சொல்லலை."

அதன் பிறகு எளிதாயிற்று. ராட்னி ஒன்று கேட்பார், கென் தேடுவார், கிடைத்தால் சொல்வார், கிடைக்காவிட்டால் கையை விரிப்பார். 'லாரி' கிடைத்தது. 'சேறு' கிடைத்தது. ரொட்டியைக் காட்டி, "யாரு... பண்ணினது?" என்று ராட்னி கேட்டார். கென் மனைவியைப் பார்த்தார். வாய் சேர்ந்து 'ம' என்ற இடத்தில் நின்றது. ஹேசல் ஒலியை மேலே தள்ளினாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. மவ்ரீன் ஏப்ரனின் ஓரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். கென்னின் கண்ணில் நீர் கட்டியது.

"அவ," என்றார் கடைசியில். "அவதான்."

"அது போதும்," என்றார் மவ்ரீன். "எனக்கு அது போதும்."

திரும்பும் வழியில் ராட்னி ஏதோ சொல்லத் தொடங்கினார். "ஹேசல்... உன்..." என்று ஆரம்பித்து நின்றார். இருபது வருஷமாகச் சேர்ந்து வேலை செய்தவர், இத்தனை மாதக் கஷ்டத்தையும் அனுபவித்தவர்; என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்கு ஓரளவு தெரிந்ததுபோல் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல் ஓட்டினாள். வாய்க்கால்கள் போயின, முட்டைக்கோஸ் வயல்கள் போயின. ஸ்பால்டிங்கும் பின்னால் போனது.

"இண்டிகேட்டர்," என்றார் ராட்னி வெற்றியோடு. "ஹோல்பீச்லேர்ந்து... எரியுது."

அவள் வண்டியை ஓரம்கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பின்னால் வந்த ஒரு வண்டிக்காரன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

அந்த நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு புகார் வந்தது. கெட்ட வார்த்தைக்கு அல்ல. அன்றைக்குக் கடல் ஏறும் நேரத்தைச் சொல்ல மறந்துவிட்டார்கள் என்று கடற்கரை ஊரான ஸ்கெக்னெஸிலிருந்து ஒருவர் கோபித்துக்கொண்டார். டெவினா வியாழக்கிழமைகளை அவர்களுக்கே விட்டுவிட்டாள். பேச்சைத் தொலைத்த வேறு சிலரும் வர ஆரம்பித்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு மீன்கடைக்காரர். காலை நிகழ்ச்சி ராட்னிக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பிரயோனி நன்றாகத்தான் செய்தாள். சில காலைகளில் பாடல் ஓடும்போது அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று பழைய நாற்காலியையே பார்ப்பார். ஹேசல் அப்போது தேநீர் போட்டுக்கொண்டுவந்து பக்கத்தில் நிற்பாள்.

வயல்களில் டூலிப் பூக்கும் காலத்தில் ஒரு நாள் மவ்ரீன் அழைத்தார்.

"கண்ணு, வேலையா இருக்கியா? ஒண்ணும் பெரிசா இல்ல. நான் கொல்லையில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல். 'மவ்ரீன்!'னு. பக்கத்து வீட்டுக்காரன்தான் வந்திருக்கான்னு நெனச்சேன். திரும்பவும் 'மவ்ரீன்!'ங்குது."

ஹேசல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அப்புறம்?"

"உள்ளே போனா, இவர் குளிர்பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கறார். கடுகு விழுது எங்கேன்னு தெரியலையாம். ஒன்றரை வருஷமா வராத பேரு, சாஸேஜுக்குக் கடுகு வேணும்னதும் வந்துடுச்சு பாரு."

"எடுத்துக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். ஆனா உடனே குடுக்கலை கண்ணு. கேக்காத மாதிரி நின்னுக்கிட்டு, இன்னொரு தடவை கூப்பிட வச்சுட்டுத்தான் குடுத்தேன்."